கற்றாழைக்கு ஒன்றும் வேண்டாம்

ஒரு வீட்டுத் தோட்டத்தில் புதராக வளர்ந்த கற்றாழையும் ஒரு ரோஜாச் செடியும் அருகருகே இருந்தன. ஒரு வேளை தண்ணீர் தப்பினால் போதும், ரோஜா தலையைத் தொங்கப்போட்டுவிடும். வீட்டுக்காரர் சிவஞானம் வாளியோடு ஓடிவருவார். கற்றாழையைத் தாண்டும்போது, "இது தங்கம். இதுக்கு ஒண்ணுமே வேண்டாம்" என்பார். அந்த ஒரு சொல்லிலேயே கற்றாழை ஒரு வாரத்தை ஓட்டிவிடும்.

சித்திரை வெயிலில் அதன் மடல்கள் சுருங்கத் தொடங்கின.

"அக்கா, அவர் வரும்போது நீயும் கொஞ்சம் வாடிக் காட்டேன்" என்றது ரோஜா.

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லையம்மா."

ஒரு குவளைத் தண்ணீருக்காக அதன் உயிர் துடித்தது. ஆனால் கேட்டுவிட்டால், தங்கம் என்று யார் சொல்வார்கள்?

மறுநாள் சிவஞானம் அதன் முன்னால் வாளியோடு நின்றார். "உனக்கும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

கற்றாழை இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, மடல்களை விறைப்பாக நிமிர்த்தியது. அவர் பூரித்துப்போனார். "மண்ணே இல்லாட்டியும் இது பிழைச்சுக்கும்" என்று வேரோடு பிடுங்கி, கண் திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டினார். அது இருந்த குழியில் இன்னொரு ரோஜாவை நட்டார்.

"எப்படி இருக்கே அக்கா?" என்று கேட்டது பழைய ரோஜா.

"நல்ல காற்று வருது."

மிச்சமிருந்த ஈரத்தைத் திரட்டி அது ஒரு பூவும் விட்டது. சிவஞானம் தெருக்காரர்களைக் கூட்டிவந்து காட்டி, "தங்கம்" என்றார். அதைக் கேட்டதும், இந்தக் கயிறுகூடத் தனக்குக் கொஞ்சம் ஆடம்பரம்தானோ என்று கற்றாழைக்குத் தோன்றியது.