பாதி மினுக்கிய கார்

காரின் முன்மூடி, அந்தப் பொனற்றின் ஒரு பாதியில் வானம் தெரிந்தது. மறு பாதியில் பொலிஷ் காய்ந்து சுண்ணாம்பு போல வெளிறிக் கிடந்தது.

நேற்றுப் பின்னேரம் டினேஸ் அந்த இடத்தில்தான் பொலிஷ் மெஷினை நிறுத்தினான். பெரியப்பாவின் போன் வந்தது. "ஓம் பெரியப்பா" என்று இரண்டு மூன்று தரம் சொன்னவன், தாய் றோஸின் முகத்தைப் பாராமலே கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான். இரவும் வீட்டுக்கு வரவில்லை.

கலியாணம் இன்று பின்னேரம்.

றோஸ் தன் வீட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டாள். காய்ந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுத்தாள். புதிதாகப் பொலிஷைப் பூசி மெஷினைப் போட்டாள்.

அது வலையில் அகப்பட்ட சுறாக்குட்டி மாதிரி கையை உதறிக்கொண்டு ஓடப் பார்த்தது. அழுத்த அழுத்தத் துள்ளியது. கொஞ்சம் விட்டுப் பிடித்தாள். வழிக்கு வந்தது.

சத்தம் கேட்டு வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் தலைகள் முளைத்தன.

கேற்றைச் சாத்தியிருக்கலாம். அவள் போய் அதை அகலத் திறந்துவிட்டு வந்தாள்.

கிறகோரி வந்தார். றோஸின் இறந்துபோன கணவனின் அண்ணன். உள்ளே வராமல் ஒழுங்கையிலேயே நின்றார்.

"தம்பி வாங்கின கார் உது. உந்தக் கலியாணத்துக்கு உது போகக்கூடாது. நானும் கோயிலடிக்கு வரமாட்டன், டினேசும் வரமாட்டான்."

அவருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக றோஸ் மெஷினை நிறுத்தினாள்.

"அவர் இதை வாங்கினது ஓடுறதுக்கு அத்தான், மூடி வைக்கிறதுக்கில்லை. ஆர் வந்தாலும் போகும், வராட்டிலும் போகும்."

மறுபடி மெஷினைப் போட்டாள். அவர் பிறகு சொன்னதெல்லாம் அந்த இரைச்சலுக்குள் போயிற்று.

பொனற் முடிந்தது. கதவுகள், கூரை, பின்பக்கம். தோள்மூட்டு விட்டுப்போனது போல வலித்தது. கார் முழுக்கக் கறுப்பாய்ப் பளபளத்தபோது, செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். குளிக்கப் போனாள்.

பின்னேரம் கார் கோயில் வாசலில் வந்து நின்றது.

பூக்கூடையோடு சின்னப் பெட்டைகள் ஓடிவந்தார்கள். படியில் மாப்பிள்ளை சிமியோன், பழக்கமில்லாத கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றார். றோட்டின் அந்தப் பக்கம் டினேஸ் மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்தான். கிட்ட வரவில்லை. போகவுமில்லை.

கலியாணப் பொம்பிளையைப் பார்க்கச் சனம் குனிந்து பின் சீற்றை எட்டிப் பார்த்தது.

அங்கே ஒருவரும் இல்லை.

ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. சந்தன நிறச் சேலையோடு றோஸ் இறங்கினாள். பக்கத்துச் சீற்றில் கிடந்த பூச்செண்டை எட்டி எடுத்தாள். கதவைப் பூட்டினாள்.

தலையை நிமிர்த்திக்கொண்டு, சிமியோனிடம் தானாகவே நடந்து போனாள், ஐம்பத்தொரு வயது மணப்பெண்.