முதல் கைத்தட்டல்

"அவசரப் பொத்தானை அணைச்சாச்சா?" என்று தக்கிசாவா மறுபடியும் கேட்டார்.

"அணைச்சாச்சு சார்," என்றாள் ஒரிஹாரா டீச்சர். "ஆனா, பயிற்சி நேரத்துலகூட அது வேலை செய்யறதுதான் நல்லதுன்னு..."

"போன வருஷம் யாரோ அதை நிஜமாவே அமுக்கி, ரோந்து வண்டியெல்லாம் அலறிக்கிட்டு வந்துச்சு. மேயர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது நானு. நீங்களா?"

ஒரிஹாரா வாசல் பக்கம் நகர்ந்தாள்.

பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் அது. வெளியாள் புகுந்தால் என்ன செய்வது என்று ஆண்டுதோறும் ஒத்திகை நடக்கும். சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் கெட்டவனாக வருவார். நகராட்சி சார்பில் தக்கிசாவா வந்து மதிப்பெண் போடுவார்.

ஒரிஹாரா மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. போன வருஷம் ஒத்திகை நடுவில் சிரித்துத் தொலைத்தவள். அதற்கும் காரணம் இருந்தது. கெட்டவனாக வந்த போலீஸ்காரர் நிஷிவாக்கி, வாசலில் ஷூவைக் கழற்றி ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டுத்தான் காகிதக் கத்தியை உருவினார்.

"கொலை பண்ண வர்றவன் ஷூவைக் கழட்டுவானாய்யா?" என்று தக்கிசாவா அன்றே அவரைக் காய்ச்சியிருந்தார்.

கதவு படீரென்று திறந்தது.

மழையில் நனைந்த கோட்டோடு ஒருவன் நின்றான். கையில் கார் சக்கரம் கழற்றும் இரும்பு ஸ்பேனர். ஷூவோடு அப்படியே மரத்தரையில் ஏறினான்.

மூலையில் நின்ற தக்கிசாவா திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். 'சொன்ன புத்தி ஏறியிருக்கு. ஆளையும் மாத்திட்டாங்க.'

"இவாகுரா டீச்சர், பார்லித் தேநீர் ஆறிப்போச்சு!" என்று உள்ளே குரல் கொடுத்தாள் ஒரிஹாரா. ஆபத்து வந்தால் சொல்ல வேண்டிய வாக்கியம் அதுதான். தலைமை ஆசிரியை இவாகுரா பிள்ளைகளை உள்ளறைக்குள் தள்ளித் தாழ் போடும் சத்தம் கேட்டது.

அதுவரை சரி.

"மிஹாருவைக் கூப்பிடு!" வந்தவன் கத்தினான். "என் பொண்ணை நான் கூட்டிட்டுப் போக எவன் உத்தரவு வேணும்? கோர்ட்டாவது மண்ணாவது!" ஸ்பேனர் ஷூ அலமாரியில் இறங்கியது. பலகை பிளந்தது.

'அலமாரிக்கு யார் காசு கொடுப்பது?' என்று தக்கிசாவா முகம் சுளித்தார்.

ஆளைத் தள்ளி நிறுத்தும் நீண்ட கவைக்கோல் ஒரிஹாராவின் கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் மாட்டியிருந்தது. அதை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. இடைவெளி விட்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. நேராக அவன் முன்னால் போய் நின்று, உள்ளறைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"அடேங்கப்பா! பிள்ளைங்களா, இந்த வருஷம் கெட்டவன் வேஷம் யாருக்குன்னு தெரியுமா? நம்ம மிஹாருவோட அப்பாவுக்கு! என்னமா நடிக்கிறாரு! கைதட்டுங்க பாப்போம்!"

தக்கிசாவா தலையில் அடித்துக்கொண்டார். ஒத்திகைக்குப் பெற்றோரைப் பிடித்து வந்தது ஒரு தப்பு. கெட்டவனிடம் அரட்டை அடிப்பது அதைவிடப் பெரிய தப்பு.

உள்ளே மூச்சுச் சத்தம் இல்லை.

பிறகு ஒரே ஒரு ஜோடி சின்னக் கைகள் தட்டின. அடுத்த நொடி அத்தனை பிள்ளைகளும் தட்டினார்கள். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று தரையை உதைத்தார்கள்.

ஓங்கிய ஸ்பேனர் அந்தரத்தில் நின்றது. ஒரிஹாரா தணிந்த குரலில் அவனிடம் ஏதோ சொன்னாள். தக்கிசாவாவுக்குக் கேட்கவில்லை. அவள் கையை நீட்டினாள். அவன் ஸ்பேனரை அதில் வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"போதும் நிறுத்துங்க. இது நாடகம் இல்ல, ஒத்திகை," என்று தக்கிசாவா முன்னால் வந்தார். "ஒரிஹாரா டீச்சர், உங்களுக்கு நான் ஒரு மார்க்கூட..."

அப்போது கதவு மெல்லத் திறந்தது.

"மன்னிக்கணும் சார், சைக்கிள் பஞ்சர்," என்றார் நிஷிவாக்கி மூச்சிரைக்க. பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றி அடுக்கி வைத்தார். பிறகு நினைவு வந்தவராகக் காகிதக் கத்தியை உருவினார். "கெட்டவன் வந்துட்டேன்!"

தக்கிசாவா பிளந்த பலகையைப் பார்த்தார். ஒரிஹாராவின் கையில் இருந்த இரும்பைப் பார்த்தார். அவள் அப்போதுதான் சுவரைப் பிடித்தபடி மெதுவாகத் தரையில் சரிந்தாள்.

நிஷிவாக்கிக்கு விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டிருந்தவன் தோளில் கைவைத்து, சத்தமில்லாமல் வெளியே கூட்டிப்போனார்.

தக்கிசாவா அவசரப் பொத்தான் பெட்டியிடம் போனார். அணைத்துவைக்கச் சொன்னதே அவர்தான். விசையைத் திரும்பப் போட்டார்.

உள்ளறை திறந்தது. பிள்ளைகள் பட்டாசாகச் சிதறி ஓடிவந்தார்கள். "மிஹாரு அப்பா செம வில்லன்!" "எங்கப்பாவா இருந்தா சிரிச்சிருப்பாரு!"

மிஹாரு மட்டும் ஓடவில்லை. கோப்பையில் பார்லித் தேநீர் எடுத்துக்கொண்டு தரையில் இருந்த டீச்சரிடம் வந்தாள்.

"பாத்தியாடா கண்ணு," என்றாள் ஒரிஹாரா, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு. "அப்பா எவ்ளோ நல்லா நடிச்சாரு."

மிஹாரு கோப்பையை அவள் கையில் வைத்து, சிந்தாமல் தானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் டீச்சர் நடிச்சீங்க," என்றாள் காதோடு. "குரல் நடுங்குச்சு. மத்தவங்க கண்டுபிடிச்சிடக் கூடாதேன்னுதான் நான் மொதல்ல கைதட்டினேன்."