ஓரம் வெட்டிய புத்தகம்

பைண்டர் மேசைமேல் வைத்த புத்தகத்தைத் தபால்காரர் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்க்கிறார். அவர் பைண்டு பண்ணக் கொண்டுவந்து கொடுத்தவை, விரித்தால் மேசையையே அடைத்துக்கொள்ளும் ஏழு பழைய சித்திரக்கதைகள். சின்ன வயதில் அவரும் அக்காவும் தரையில் குப்புறப் படுத்து, இடப்பக்கம் அவளுக்கு, வலப்பக்கம் இவருக்கு என்று பங்குபோட்டுப் படித்தவை. இவர் அவசரக்குடுக்கை, அவள் முடிப்பதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டுக் கிள்ளு வாங்குவார். பன்னிரண்டு வருஷம் கழித்து நாளைக்கு வருகிற அவளிடம் நீட்டத்தான் இந்த ஏற்பாடு. இப்போது ஏழும் ஒரே கெட்டி அட்டைக்குள் பள்ளிக்கூட நோட்டு அளவுக்குச் சிறுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஜன்னல் வெயிலில் அட்டை பளபளக்கிறது. புரட்டுகிறார். முகமூடி வீரனுக்குத் தலை இல்லை. அவன் பேச்சில் மேல்வரி இல்லை. “இத யாருய்யா வெட்டச் சொன்னது?” “வெட்டாம எந்த அலமாரியில சார் நிக்கும்?” என்கிறார் பைண்டர், பசைக் கையைத் துணியில் துடைத்தபடி. “நிக்க எதுக்குய்யா? தரையில போட்டுப் படிக்கிற புக்கு!” தபால்காரர் மண்டியிட்டு, வெட்டும் இயந்திரத்தின் அடியில் குவிந்த காகிதக் கீற்றுகளை அளைகிறார். மஞ்சள் வானம், ஒரு குதிரைக் காது, பாதித் தொப்பி. “குப்பையில என்ன சார் தேடறீங்க? ஓரமெல்லாம் ஒரே பென்சில் கிறுக்கல். ‘திருப்பாதடா, நான் இன்னும் முடிக்கல’ன்னு பக்கத்துக்குப் பக்கம் யாரோ எழுதி வெச்சிருந்தாங்க. இப்பப் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு!”