இடிந்த பேங்குக்கு எதிரே

மத்திய அமெரிக்காவின் அந்த மாகாணத் தலைநகரில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது. எரிந்துபோன காப்பி ஆலைக்குத் தெற்கே, வாழைக் கம்பெனி பெயர்த்துக்கொண்டு போன ரயில் நிலையத்துக்கு எதிரே என்றுதான் விலாசம். மேயர் எவரிஸ்தோ நாற்சந்தியில் தன் சிலையையே நிறுத்தினார். இனி ஊரே தன்னைச் சொல்லித்தான் வீடு தேடும் என்பது அவர் கணக்கு. ஒரு மாதம் கழித்து டாக்சியில் ஏறி, "சிலைக்கு வடக்கே, மூணாவது வீடு" என்றார் கம்பீரமாக.

"எந்தச் சிலைங்க?" என்று கேட்டாள் வண்டியோட்டும் நிகோலாசா.

"என் சிலைதாம்மா!"

"ஓ, இடிஞ்ச பேங்குக்கு எதிர்ல நிக்குதே, அதுவா? இந்த ஊர்ல இருக்கிறதை வச்சு யாருங்க வழி சொல்றாங்க? இல்லாமப் போனாத்தான் பேரு நிக்கும்."

மேயர் மீசையைத் தடவிவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"வண்டியை நகராட்சிக் கிடங்குக்குத் திருப்பும்மா. கடப்பாரை அங்கேதான் இருக்கும்."