மூணாவது ஜார்

“முதல்ல அவ பேரை அடிங்க சார்!”

பெயிண்டர் மேஜையில் தட்டிய தட்டில் பேனாக்கள் குதித்தன. வக்கீல் தன் கண்ணாடிப் பேப்பர் வெயிட்டை நைசாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். விவாகரத்தாகி ஒரு மாதம்கூட ஆகாத மனிதர், கை எப்போது எந்தப் பக்கம் போகும் என்று யார் கண்டது? டைப்பிஸ்ட் அம்மாவும் எதற்கும் இருக்கட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்தார்.

“தண்ணி குடிங்க. நிதானமாப் பேசலாம்.”

“என்ன சார் நிதானம்? கோர்ட்ல என்னை உரிச்சு எடுத்துட்டாங்க. கட்டில் போச்சு, பீரோ போச்சு. மிக்ஸியைக்கூட விட்டு வைக்கலை.”

“மூணு ஜாரோட” என்றார் வக்கீல் அனுதாபமாக.

“மூணு ஜாரோட!” பெயிண்டர் மூன்று விரலை நீட்டிக் காட்டினார். “வீடு ஒண்ணுதான் சார் மிச்சம். மத்தவங்க வீட்டுக்கெல்லாம் ரெண்டு கோட்டிங்தான் அடிப்பேன். இதுக்கு மட்டும் மூணு அடிச்சிருக்கேன்.”

வக்கீல் பழைய உயிலைப் பிரித்தார். கல்யாணமான புதிதில் எழுதியது, வரிக்கு வரி காதல் வழிந்தது. வீடு மனைவிக்கு, மனைவிக்கு இல்லையென்றால் அண்ணனுக்கு என்று இருந்தது.

“அவங்க பேரை மட்டும் அடிச்சா, வீடு நேரா உங்க அண்ணனுக்குப் போயிடும். பரவாயில்லையா?”

பெயிண்டரின் முகம் வெள்ளையடித்ததுபோல் ஆகிவிட்டது. “ஐயோ, வேண்டாம் சார்! என் பொண்ணு பேருக்கு எழுதுங்க. ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. அண்ணன் கைக்கு ஒரு செங்கல்கூடப் போகக் கூடாது.”

“அவ்வளவு மோசமானவரா?”

“ரெண்டு நாள்ல தர்றேன்னு என் ஏணியை வாங்கிட்டுப் போனார். இப்ப அதே ஏணியை எனக்கே வாடகைக்கு விடறார் சார்!”

வக்கீல் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். “சரி, பொண்ணு சின்னவ. அவளுக்குப் பதினெட்டு ஆகற வரைக்கும் வீட்டைக் காப்பாத்திக் கொடுக்க ஒரு ஆளைப் போடணும். அவங்க அம்மாவையே போடலாமே?”

“அவ தங்கமான அம்மா சார், அதுல நான் குறையே சொல்ல மாட்டேன். ஆனா அண்ணன் வந்து கண்ணைக் கசக்கினா இளகிடுவா. ஏணியை எடுத்துக் கொடுத்ததே அவதான்.”

“அப்ப யாரைப் போடறது?”

“உங்களைத்தான் சார்.”

வக்கீலின் கை பேப்பர் வெயிட்டை விட்டது. “என்னையா? உங்க கேஸை நடத்தினாரே ஒருத்தர், அவரைக் கேட்கலாமே?”

“அவர் பரம சாது. அண்ணன் வந்து நின்னா வீட்டுச் சாவியோட ஒரு காபியும் கொடுத்து அனுப்புவார்.”

பெயிண்டர் எட்டி வக்கீலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. ராத்திரியெல்லாம் அந்தக் குழந்தையை நினைத்துத் தூங்காதவர் என்பது பார்த்தாலே தெரிந்தது.

“என் பொண்ணுகிட்டேருந்து யாரும் எதையும் பிடுங்கக் கூடாது சார். அதுக்கு உங்களை மாதிரி ஈவு இரக்கம் இல்லாத ஆள்தான் வேணும்.”

டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் அப்படியே நின்றன. வக்கீலுக்குச் சுருக்கென்று தைத்தது.

“எனக்கு இரக்கம் இல்லைன்னு யாருங்க சொன்னது?”

“யார் சொல்லணும்? என் பொண்டாட்டிக்காக வாதாடி, அந்த மூணாவது ஜாரையும் வாங்கிக் கொடுத்தது நீங்கதானே சார்!”