இருநூற்று நாற்பது பொய்கள்

எர்மெக் மூன்று பேனாக்களை மேஜைமேல் வரிசையாக வைத்தான். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். மூன்றாவது குளிரில் விறைத்துப்போய், பாதி எழுத்தை விழுங்கிவிடும் இன்னொரு நீலம். இன்று அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

எரிவாயு ஆலை கட்டும் கம்பெனியில் அவன் மின்சார, அளவுக் கருவிகளுக்கான தரப் பொறியாளர். வாயுவின் அழுத்தத்தைக் காட்டும் கருவிகள் நாற்பத்தெட்டையும் சோதித்து, கருவிக்கு ஒரு தாள், தாளுக்கு ஐந்து எண் என்று எழுதி, ஆலைத் தரப்புப் பெண் ஆய்வாளர் ரௌஷனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். திங்கட்கிழமை கொடுத்த தாள்கட்டை அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இது ரூமில் உட்கார்ந்து எழுதியது என்று திருப்பி வீசிவிட்டார். இன்று பத்து மணிக்கு மறுபடி வருகிறார். இன்றும் திரும்பினால் எர்மெக்கின் கேட் பாஸ் போய்விடும். போலித் தாள் எழுதியவன் என்று பெயரெடுத்தவனைக் காஸ்பியன் கரையில் எந்தக் கம்பெனியும் சேர்க்காது.

முதல் கருவிக்குச் சரியான அளவிலிருந்து சின்னதாக ஒரு விலகல் எழுதினான். இரண்டாவதற்கு அதில் பாதி. மூன்றாவதில் கூட்டல், நான்காவதில் கழித்தல். எல்லாம் அனுமதித்த எல்லைக்குள். ஒன்பதாவதில் ஓர் எண்ணை வேண்டுமென்றே தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினான். பதினொன்றாவதன் மூலையில் பால் டீ இரண்டு சொட்டு.

ஹீட்டர் பக்கத்தில் பவுர்சாக் என்ற பொரித்த மாவுப் பலகாரத்தை மென்றுகொண்டிருந்த டெக்னீஷியன் சபித் எட்டிப் பார்த்தார்.

"நல்லா வருவே தம்பி. அந்த முப்பத்திரண்டாவது தாளை நான் கொஞ்சம் பூட்ஸால மிதிக்கவா?"

"மிதிங்க. அடையாளம் பாதிதான் தெரியணும்."

சபித் மிதித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுக்கு மறுபடி ஒரு தடவை அளந்துட்டா என்ன?" என்றார்.

"அளந்தா என்ன வரும்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே? அதைத்தான் அந்த அக்கா ஏத்துக்க மாட்டேங்கறாங்களே."

காற்று அவர்கள் இருந்த கன்டெய்னர் அறையின் தகரத்தை உலுக்கியது. ஒன்பது வருட வேலையில் எர்மெக் ஒரு பொய் எண்கூட எழுதியதில்லை. இன்று ஒரே காலையில் இருநூற்று நாற்பது.

பத்து மணிக்கு ரௌஷன் வந்தார். டீ வேண்டாம் என்றார். ஒவ்வொரு தாளாகப் பார்த்தவர் பதினேழாவதில் நின்றார்.

"இதுல மட்டும் ஏன் இவ்வளவு விலகல்?"

எர்மெக் அந்தத் தாளை எட்டிப் பார்த்தான். "அன்னிக்குக் காத்துல கையே நிக்கலைக்கா. ரெண்டு தரம் அளந்தோம்."

அவர் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"நிஜமா அளந்தா தாள் இப்படித்தான் இருக்கும். திங்கக்கிழமையே இந்த ஒழுங்கு இருந்திருந்தா நான் திட்டியிருப்பேனா?"

"இல்லக்கா."

நாற்பத்தெட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, இனியாவது நேர்மையாக இரு என்று புத்தி சொல்லிவிட்டு அவர் போனார். எர்மெக் திங்கட்கிழமைத் தாள்கட்டை எடுத்துக் கிழிக்க ஆரம்பித்தான்.

மூன்று நாள் பனிக்காற்றில் நின்று அளந்தபோது, அந்தப் புத்தம்புதுக் கருவிகள் நாற்பத்தெட்டும் இம்மியும் பிசகாமல் சரியாகக் காட்டியிருந்தன. அதை அப்படியே எழுதிக் கொடுத்ததுதான் அவன் செய்த தப்பு.