மண்டையோட்டுப் பலகை

இதனால் சகலருக்கும் பெருமையுடன் அறிவிக்கப்படுவது யாதெனில், மூன்று வெளிநாடுகளின் உதவியாலும் எட்டு மாத அயராத உழைப்பாலும் குணநாயகத்தின் இரண்டு பரப்புக் காணி இன்றுமுதல் கண்ணிவெடி அற்றதாகிறது.

அதில் கண்ணிவெடி எப்போதுமே இருந்ததில்லை. அகதி முகாமிலிருந்து ஒருநாள் காணி பார்க்க விட்டபோது, வெடி அகற்றி முடித்த வயலில் சும்மா கிடந்த மண்டையோட்டுப் பலகையைத் தூக்கிவந்து தன் வேலிப் படலையில் நட்டவர் குணநாயகம்தான். தன் கலியாணத்துக்கென்று செய்வித்த முதிரை மரக் கதவைக் கள்ளர் கழற்றிவிடக் கூடாதே.

ஊர் திரும்பியபோது அதிகாரிகள் பலகையைக் கண்டு, காணியைச் சுற்றி நாடா கட்டினார்கள்.

"தம்பி, உது நான் நட்டது."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுவினம், ஐயா."

பின்னேரங்களில் அவரும் மனைவி பரிமளகாந்தியும் நாடாவுக்கு வெளியே வந்து நிற்பார்கள். பற்றைக்கு மேலாகக் கூரை மட்டும் தெரியும்.

"கதவைத் திறக்கேக்க பூனை கத்தின மாதிரிக் கிறீச்செண்டும், என்ன?" என்பார் அவர்.

"எண்ணெய் விடுங்கோ எண்டு பதினாறு வருசம் கத்தினனான். இப்ப அந்தச் சத்தத்தைக் கேக்கக் காது கிடந்து தவிக்குது."

இன்று விழா மேடையில் சிறப்பு விருந்தினர் நெடுநேரம் உரையாற்றினார். பிறகு, தேடுதலில் அகப்பட்ட ஒரேயொரு இரும்புப் பொருளைப் பொலித்தீன் பையோடு, கைதட்டலுக்கு நடுவே, குணநாயகத்திடம் கையளித்தார். அது ஒரு பூட்டு. அவர் அரைநாணில் முடிந்து வைத்திருந்த திறப்பை அவிழ்த்து அதில் போட்டுத் திருகினார்.

பூட்டு திறந்தது. கதவைத்தான் கள்ளன் கொண்டுபோயிருந்தான்.